சர்வரை மேம்படுத்திய பின் டேட்டாபேஸ் பிழை காட்டினால்

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளின் கணக்கு சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் பதிப்பை மாற்றியதும் வருகிற போன் பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, லிஸ்ட்ல பேர் இருக்கு, தேடினா வரல."

பதறி எதையும் அழிக்காதீர்கள். முதலில் போஸ்ட்கிரெஸை (கணக்கு இருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளை) நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, காரணம் என்ன? 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி), எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. டெபியன் என்ற லினக்ஸில் 9இலிருந்து 10க்குப் போனால் இந்த மாற்றமும் கூடவே வரும். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸைப் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அகரவரிசைப் பட்டியல்) புது வரிசைப்படி தேடினால் இருக்கிற பெயரும் கிடைக்காமல் போகலாம். யூனிக் என்று, அதாவது ஒருமுறைதான் வரலாம் என்று வைத்த பெயரே இரண்டு முறை ஏறிவிடலாம். டேபிளில் இருக்கும் பதிவுகள் அழிந்துபோவதில்லை.

போஸ்ட்கிரெஸோடு வரும் ஆம்செக் என்ற சோதனை நீட்சியை வைத்து இண்டெக்ஸ்களைச் சோதியுங்கள். இரட்டைப் பதிவுகளைத் தேடும்போது இண்டெக்ஸ் ஸ்கேனை (இண்டெக்ஸ் வழியாகத் தேடுவதை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்ட இண்டெக்ஸே பதில் சொல்லும். எந்தப் பதிவை நீக்குவது என்பதைக் கடைக்காரரோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். யார் பாக்கி எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். அப்புறம் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுங்கள். இரட்டைப் பதிவு மிச்சமிருந்தால் யூனிக் இண்டெக்ஸ் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.