உப்புக்காற்று ஊரில் குளியலறைக் கைப்பிடி பொருத்துவது எப்படி?

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் அப்பத்தா குளியலறையில் எழுந்திருக்கும்போது துண்டு போடும் கம்பியைத்தான் பிடிப்பார். அது துணியைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அதனால் முறையான கைப்பிடி வைத்தோம். டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரிந்தால் நீங்களே செய்யலாம்.

முதலில் இடம். தரை காய்ந்திருக்கும்போது பெரியவரை வழக்கம்போல் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கை தானாகப் போகும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் படுக்கைவாட்டில் ஒன்று, வாசலில் நெட்டுக்குத்தாக ஒன்று. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. குள்ளமானவர்களுக்குக் குறியைத்தான் நம்ப வேண்டும்.

கைப்பிடி 32 முதல் 38 மி.மீ. தடிமன் இருந்தால் விரல்கள் நன்றாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் அதற்கும் 38 மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் வழுக்கும்போது முழங்கையே உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இனி ஸ்டீல். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு விட்டுவைக்கவில்லை. 2025-ல் புதுப்பாலம் வந்துவிட்டது. நம் கடலோரத்துக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பை வழக்கமான 304 கிரேடைவிட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

ஸ்க்ரூவும் 316-தான். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கைப்பிடியோடு வரும் ஸ்க்ரூ பல நேரம் வெறும் முலாம் பூசிய இரும்பு. ஈரமும் உப்பும் சேர்ந்தால், ஸ்டீலை ஒட்டியிருக்கும் அந்த இரும்பு சீக்கிரமே அரிக்கும். அரிப்பு சுவருக்குள் நடப்பதால் வெளியே கைப்பிடி பளபளவென்றே இருக்கும்.

டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) போடாமல் மெதுவாகத் துளையிடுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு ஹேமர் போடலாம்.

எங்களுக்குச் சிக்கலானது சுவர்தான். பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவரில் ஆங்கர் (ஸ்க்ரூவைத் துளைக்குள் இறுக்கிப் பிடிக்கும் உறை) பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சுவரின் மறுபுறம் வரை துளைத்து, 316 த்ரெட் ராடு (நீளமெங்கும் மரை போட்ட கம்பி) விட்டு, வெளியே அகலமான பிளேட் வைத்து நட் போட்டோம். துளை வாயைச் சிலிக்கானால் அடைத்தோம். முதலில் நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அப்புறம்தான் அப்பத்தாவைப் பிடிக்கச் சொன்னேன்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தரையில் படியும் உப்பையும் சோப்பையும் அதே கையோடு தேய்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடி போதாதா என்று கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். உப்புப் படிந்த டைல்ஸில் அது எப்போது விடும் என்றே தெரியாது. கழிப்பறை கொல்லைப்பக்கம் இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு: கரண்ட் போனாலும் எரியும் ரீசார்ஜ் பல்பு ஒன்றை வழியில் மாட்டுங்கள். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள்.