டர்போ போச்சா? விரலால் பாருங்கள்

சிங்கப்பூரில் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்த பழைய வண்டி, அதில் டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்ட்டும் ஏற்றியிருக்கிறீர்களா? இழுவை குறைந்ததுமே காக்கி புக்கிட் பட்டறைகளுக்கு ஓடிப் புது டர்போவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பல நேரம் கிளிப் தளர்ந்த காற்று ஹோஸ்தான் குற்றவாளி.

இன்ஜின் நன்றாக ஆறியபின் காற்று உள்ளே வரும் இன்டேக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அது அப்படித்தான். முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை நுனி உறையில் உரசிய வெள்ளிக் கீறல் இருந்தாலோ பேரிங் போய்விட்டது. குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் கண்டு பதற வேண்டாம். தேங்கி நின்றால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் போல ஊளையிட்டு நீலப்புகை கக்கினால் பிஐஇ விரைவுச்சாலையில் ஏற்றாதீர்கள், டோ வண்டிதான். மாற்றும்போது எண்ணெய் வரும் குழாயும் புதிதாகட்டும். அடைத்த பழைய குழாய் புது டர்போவையும் தின்றுவிடும்.