காமிக்ஸ் ஸ்ட்ரிப் ஒரிஜினலுக்கு ஏலத்தில் எவ்வளவு வரை போகலாம்?

செய்தித்தாளில் சில கட்டங்களில் வரும் படக்கதைதான் ஸ்ட்ரிப்; அதற்காக ஓவியர் கையால் வரைந்த தாள் ஒரிஜினல். ஏலப் பட்டியலில் பிடித்த ஸ்ட்ரிப் ஒன்று கண்ணில் பட்டதும் பலரும் முதலில் தேடுவது அந்த ஓவியரின் சாதனை விலையைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பில் வாட்டர்சனின் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ ஞாயிறு ஸ்ட்ரிப் ஒன்று 2012-இல் 2 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. ஆனால் அது வாட்டர்சனே தன் கையால் வண்ணம் தீட்டியது. அவருடைய ஒரிஜினல்களில் பெரும்பகுதி ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இருக்கிறது. ஏலத்துக்கு வருவதே அபூர்வம். அந்த விலையை வைத்து வேறு எதையும் அளக்க முடியாது. காமிக் புத்தகப் பக்கங்களின் விலையையும் இதில் கலக்காதீர்கள். 2022-இல் ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று 33.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். அது வேறு சந்தை, வாங்குபவர்களும் வேறு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அதே ஓவியர், அதே காலகட்டம், தினசரி ஸ்ட்ரிப் என்றால் தினசரி, ஞாயிறு என்றால் ஞாயிறு. இப்படிப் பொருந்துகிற பத்துப் பன்னிரண்டு பழைய விற்பனைகளைத் தேடி எடுங்கள். ஹெரிட்டேஜ் போன்ற பெரிய ஏல நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பழைய விலைகளைப் படத்தோடு பார்க்கலாம். அதில் உச்ச விலையை ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு இரண்டு பேர் விடாப்பிடியாக நின்றதால் வந்த விலை அது. அவர்களில் ஒருவருக்கு ஸ்ட்ரிப் கிடைத்துவிட்டது, அடுத்த முறை அவர் வரமாட்டார். விற்காமல் திரும்பியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்ட்ரிப் இரண்டு முறை ஏலத்துக்கு வந்திருந்தால் அதைவிட நம்பகமான தகவல் கிடையாது.

அப்புறம், ஸ்ட்ரிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விலையை அதிகம் ஏற்றி இறக்குவது இதுதான். சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை ‘பீனட்ஸ்’ ஸ்ட்ரிப்புகள் 17,897 வரைந்தார், உதவி ஓவியர் யாரும் இல்லாமல். இத்தனை இருக்கும்போது பெயரை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. ஸ்னூபி என்ற நாய் தன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து போர் விமானம் ஓட்டும் ஸ்ட்ரிப், 1965-இல் தொடங்கிய அந்தக் கற்பனை, பெரிய விலைக்குப் போகும். லூசி கால்பந்தைப் பிடுங்கிவிட, சார்லி பிரவுன் மல்லாக்க விழுவதும் அப்படியே. இரண்டு பேர் சுவரில் கைவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரிப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விலையை எட்டாது. கடைசி வருடங்களில் ஷுல்ஸின் கை நடுங்கியது, கோடும் நடுங்கியது. எனக்கு அந்தக் கோட்டின்மேல் தனிப் பிரியம் உண்டு. சந்தையோ அறுபதுகளுக்குத்தான் அதிகம் கொடுக்கிறது.

வரைந்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ‘ரிப் கிர்பி’ என்ற துப்பறியும் ஸ்ட்ரிப்பை அலெக்ஸ் ரேமண்ட் 1946-இல் தொடங்கினார், 1956 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்து வந்த ஜான் பிரென்டிஸ் 1999 வரை அதே பாணியில் கொண்டுபோனார். தலைப்பு ஒன்றுதான், விலை ஒன்றல்ல. அதனால் தேதியைத் தேடுங்கள். பல ஸ்ட்ரிப்புகளில் கட்டத்தின் ஓரத்தில் மாதமும் நாளும் மட்டும், அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வரும்படி, எழுதியிருக்கும். வருடம், ஸ்ட்ரிப்பைச் செய்தித்தாள்களுக்கு விற்கும் நிறுவனமான சிண்டிகேட் ஒட்டிய காப்புரிமைச் சீட்டில் இருக்கும். பசை காய்ந்து சீட்டு உதிர்ந்திருந்தால் பழைய செய்தித்தாள் தொகுப்புகளில் அச்சான ஸ்ட்ரிப்பைத் தேடிப் பிடித்துவிடலாம். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

பென்சில் கோடுகள், அச்சில் விழாத வெளிர்நீலப் பென்சில், திருத்திய இடத்தில் பூசிய வெள்ளை இதெல்லாம் குறையே இல்லை. ஓவியர் உட்கார்ந்து வேலை செய்த தடயம் அது. எனக்கு ஒரிஜினலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விலையைக் குறைப்பவை வேறு: செலோ டேப் விட்ட பழுப்புக் கறை, வெயிலில் வெளுத்த மை, பிரேமுக்காக வெட்டிய ஓரம், நிழலுக்கு ஒட்டிய புள்ளித்தாள் சுருங்கி உரிந்திருப்பது.

ஒருமுறை நான்கு கட்ட தினசரி ஒன்றைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு நிழல் எழுந்தது. பூதக்கண்ணாடியில் மற்ற மூன்று கட்டங்களிலும் கருமை ஏறி இறங்கியது, தூரிகை திரும்பிய இடங்களில் மை மினுங்கியது. மூன்றாவதில் ஒரே சீரான, உயிரில்லாத கறுப்பு. முதல் கட்டத்தின் போட்டோ நகலை வெட்டி ஒட்டி, பேச்சை மட்டும் மாற்றியிருந்தார்கள். பத்திரிகை வேலையில் அது சாதாரணம், மோசடி இல்லை. ஆனால் நான் நான்கு கட்டத்துக்குப் பணம் கொடுத்திருந்தேன். விற்பனைக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து, ஏலத்துக்கு முன்னாலேயே சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமும் பின்பக்கப் படமும் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். ஒழுங்கான நிறுவனம் அனுப்பிவிடும்.

கடைசியில் கணக்கு. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் தனி. பழைய விற்பனைகளில் காட்டும் விலை பெரும்பாலும் கமிஷனையும் சேர்த்தது. ஒப்பிட்டுப் பார்த்ததில் 1,200 டாலர் நியாயம் என்று தோன்றுகிறது, கமிஷன் 20 சதவீதம் என்று வையுங்கள். அப்படியென்றால் நீங்கள் கேட்கக்கூடியது 1,000 வரைதான். அனுப்பும் செலவு, வரி எல்லாவற்றையும் அந்த 1,200-க்குள் அடக்க நினைத்தால் இன்னும் கீழே. விற்பவராக இருந்தாலும் இதே கவனம் தேவை: காட்டும் விலையிலிருந்து வாங்குபவர் கமிஷனையும் உங்களிடம் பிடிக்கும் கமிஷனையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கைக்கு வரும்.

என் எண்ணை ஏலத்துக்கு முந்தின நாளே நோட்டில் எழுதிவிடுவேன். ஏலம் அதைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டு, முடிகிற வரை பார்த்திருந்து, கடைசி விலையைப் பக்கத்தில் குறிப்பேன். அடுத்த ஸ்ட்ரிப் வரும்போது ஒப்பிட ஒரு வரி கூடியிருக்கும்.