ஐசோலேட்டட் 485 சிப் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்

நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கோடையில் எர்த் குழிக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார்கள். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்பது மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கிணற்றடி பம்பு டிரைவையும் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி) வீட்டில் உள்ள டேட்டா லாகரையும் (அளவுகளைப் பதிவு செய்யும் கருவி) ஆர்எஸ்-485 கேபிளால், அதாவது இரண்டு வயரில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் முறையில், இணைக்கிறவர்கள் முதலில் இதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். கிணற்றடி எர்த் 10 ஓம், அதில் 5 ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்து எர்த் 50 வோல்ட் ஏறி நிற்கும். 485 தரத்தின்படி சிப் தாங்க வேண்டியது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். சாதாரண சிப் போய்விடும். அதனால்தான் ஐசோலேஷன் உள்ள, அதாவது இரண்டு பக்கத்தையும் மின்சாரம் நேரே கடக்காதபடி பிரித்து வைக்கும் டிரான்சீவரை (தகவலை அனுப்பி வாங்கும் சிப்பை) தேடுகிறோம்.

தேடும்போது பலரும் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் உள்ள 2500 அல்லது 5000 வோல்ட் என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது ஒரு நிமிடச் சோதனைக்கான அளவு. வருடக்கணக்கில் தாங்கும் வேலை வோல்டேஜ் உள்ளே வேறு அட்டவணையில், அதைவிடக் குறைவாக இருக்கும். அதையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, சிப்பின் கேபிள் பக்கத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் வாங்குவது. ஏடிஎம்2483 மாதிரி சிப் சிக்னலை மட்டும்தான் பிரிக்கும். மறுபக்கத்துக்குத் தனியாக ஐசோலேட்டட் டிசி-டிசி கன்வர்ட்டர் வைக்க வேண்டும். ஏடிஎம்2587இ சிப்புக்குள் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. பணகுடி பக்கம் ஒரு தோட்டத்தில், மழைக்கு அப்புறம் செத்துப்போன போர்டு ஒன்றைத் திறந்து பார்த்தேன். நல்ல சிப், விலை கூடியது. ஆனால் அதன் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரெகுலேட்டரில் இருந்து 5 வோல்ட் போயிருந்தது. இரண்டு கிரவுண்டையும் அரை அங்குல வயர் ஒன்று சேர்த்திருந்தது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்துத் தொட்டதும் பீப் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால், சிப்பின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்தப் போர்டில் ஐசோலேஷன் கிடையாது. புதுப் போர்டு கைக்கு வந்ததும் கரண்ட் கொடுக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

சிப்புக்கு அடியில், இரண்டு பக்கத்துக்கும் நடுவே போர்டின் காப்பரை ஓடவிடுவதும் அதே மாதிரி தவறுதான். உவரி, கூடங்குளம் கடற்கரையில் உப்புக்காற்று போர்டில் படியும். அங்கே கால்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள அகல சிப்பையே எடுங்கள்.

வேகம் கூடினால் நல்லது என்பதும் தப்புக் கணக்கு. மீட்டர் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசும்போது 16 மெகாபிட் சிப் எதற்கு? அதன் கூர்மையான விளிம்புகள் நீளமான கேபிளில் எதிரொலித்துத் திரும்பி வரும். 500 கிலோபிட் சிப் தாராளம். பக்கத்தில் மோட்டார் டிரைவ் இருந்தால் அந்தப் பணத்தை வேறொன்றில் போடுங்கள்: திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தாங்கும் அளவு, அதாவது சிஎம்டிஐ. ஒரு மைக்ரோ செகண்டுக்கு 25 கிலோவோல்ட் என்றிருக்கும் சிப்பும் உண்டு, 100 என்றிருப்பதும் உண்டு. டிரைவ் ஓடும் இடத்தில் நான் 100 உள்ளதைத்தான் எடுப்பேன்.

"ஐசோலேஷன்தான் இருக்கே, கிரவுண்டு வயர் எதுக்கு?" என்று கேட்டு ஏ, பி என்ற இரண்டு தகவல் வயரை மட்டும் இழுப்பவர்கள் நிறைய. எதிலும் கட்டாத கிரவுண்டு அந்தரத்தில் மிதக்கும். பக்கத்து மின் கம்பி தூண்டும் வோல்டேஜில் அது எங்கேயாவது போய் நிற்கும், தகவல் விட்டுவிட்டு வரும். மூன்றாவது வயர் ஒன்று எல்லா முனைகளின் கேபிள் பக்கக் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும். அதை எர்த்தில் கட்டுவது ஒரே ஓர் இடத்தில்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஐசோலேஷன் மட்டும் போதாது. ஏ, பி வயர்களுக்கு நடுவே பாயும் திடீர் வோல்டேஜை அது தடுக்காது. எஸ்எம்712 மாதிரி, திடீர் வோல்டேஜை வெட்டிவிடும் டிவிஎஸ் டயோடு வையுங்கள். அதன் பொதுக் காலை கேபிள் பக்கக் கிரவுண்டில் கட்டுங்கள். பெட்டியின் எர்த்தில் கட்டினால், முன்னே சொன்ன அந்த 50 வோல்ட் வந்ததும் டயோடு கடத்தத் தொடங்கி, சிப் பிரித்து வைத்த இரண்டு எர்த்தையும் மறுபடி சேர்த்துவிடும்.