சட்டைப் பையில் ஒரு சோப்பு டப்பா

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம், முதுகுப்பையைக் கூடாரத்தில் வைத்துவிட்டு ஓடைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, கூடவே தூறலும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணி நேரம் நனைந்து நடுங்கினேன். அன்று என் பாக்கெட்டில் இருந்தது ஒரு பேனாக்கத்தி மட்டும். அதை வைத்து வெட்ட அங்கே எதுவும் இல்லை.

அப்புறம்தான், மலையில் மாட்டிக்கொண்டால் சமாளிக்கத் தேவையானதை அடைத்துச் சட்டைப் பையில் வைக்கும் இந்த சோப்பு டப்பா. பையைக் கழற்றினாலும் இது உடம்போடு இருக்கும்.

முதலில் விசில். கத்தினால் கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது. உள்ளே உருளும் குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசிலாக வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று.

அடுத்தது, கடையில் கிடைப்பதிலேயே பெரிய குப்பைப் பை. நம் மலைகளில் ஒரே இரவில் ஆளைச் சாய்ப்பது பசியல்ல, நனைந்த உடம்பில் படும் காற்று. பையின் அடியில் முகம் வெளியே தெரியும் அளவுக்கு வீட்டிலேயே ஓட்டை வெட்டி மடித்து வையுங்கள். மாட்டிக்கொண்டு, சருகைக் குவித்து அதன்மேல் உட்காருங்கள். வெறுந்தரை சூட்டை உறிஞ்சிவிடும். பளபளக்கும் தகடுப் போர்வையும் நல்லதுதான், ஆனால் ஒரு கிழிசல் விழுந்தால் காற்றில் முழுக்கக் கிழிந்துவிடும்.

சின்ன டார்ச் ஒன்று. தானாக எரிந்து தீராமல் இருக்க பேட்டரி முனையில் காகிதத் துண்டு வையுங்கள். குளோரின் மாத்திரை நாலைந்து, தண்ணீர் பிடிக்க ஒரு ஜிப் கவர், காயத்துக்குக் கொஞ்சம் பஞ்சுத்துணி, நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளைக்கு. தூண்டில் முள், கண்ணிக் கம்பி எல்லாம் வேண்டாம்.

தீப்பெட்டி? வெளிநாட்டுப் பட்டியல்களில் அது தவறாமல் இருக்கும். நான் வைப்பதில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்லில் ஓடிய தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதை நினைத்தால் எனக்குக் கை வராது. மழைக்காலத்திலோ சுள்ளி பற்றாது.

டப்பாவைச் சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தால் இறுக்குங்கள். கிளம்பும் முன்பு, வீட்டில் விளக்கை அணைத்து, விரல் மரக்கும்வரை ஐஸ் தண்ணீரில் கையை வைத்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்க வரவில்லையா, டப்பாவை மாற்றுங்கள்.