தீவுக்குப் பேரிடர் பயிற்சி: கரைக் கணக்கு அங்கே செல்லாது

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. அதன் நடுவே, தடா மண்டலத்தில் இருக்கம் தீவு. வீட்டில் பேசுவது தமிழ், அரசாங்கக் காகிதம் தெலுங்கு, வெளியே வர வேண்டுமானால் படகு. இப்படிப்பட்ட ஏரிக்கரை ஊர்களில் நடக்கும் புயல் பயிற்சிகளில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடுதான் நடத்துகிறார்கள். ஆனால் ரோடும் பஸ்ஸும் உள்ள ஊருக்கு எழுதிய பாடத்தை அப்படியே படகில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு. கரையோரத்தில் வானிலை மோசமாவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு வானிலைத் துறை ஓர் எச்சரிக்கையைத் தரும். 24 மணி நேரம் முன்பு அடுத்தது வரும். கரையூர்க்காரர் அந்த இரண்டாவதைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டினாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தீவில் அது நடக்காது. டிவியில் சொல்லும் ‘கரையைக் கடக்கும் நேரம்’ புயலின் மையம் நிலத்தைத் தொடும் நேரம். படகுக்காரர் அதற்கு வெகு முன்பே கையை விரித்துவிடுவார். 2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 5 அன்று வடக்கே ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை அதற்கு முந்தின நாளே மூழ்கிவிட்டது. ‘பாபட்லாதானே, நமக்கு இல்லை’ என்று இருப்பவருக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

ஆகவே பயிற்சியின் முதல் வேலை, படகு நின்றுபோகும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஊரில் ஓடுகிற நிலையில் எத்தனை படகு? ஒரு நடைக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம்? எந்தக் காற்றில் படகை எடுக்க மாட்டார்கள்? இதைச் சொல்ல வேண்டியவர் வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் அல்ல, படகு ஓட்டுபவர். அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, காற்றைப் பற்றி அவருக்கே வகுப்பு எடுப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கணக்கு முடிந்ததும் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதல் எச்சரிக்கையிலேயே கிளம்ப வேண்டும் என்று முடிவாகும். அந்த முடிவை ஊர்ப் பொதுச் சுவரில் எழுதி வையுங்கள்.

‘ஏரிதானே, கடல் இல்லையே’ என்ற தைரியமும் தப்பு. ஆழம் குறைந்த ஏரியில் பலத்த காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கும். ஒரு கரை வற்றும். முகத்துவாரம் வழியாகக் கடல் நீரும் ஏறினால் எதிர்க்கரை வீடுகளில் தண்ணீர் நுழையும்.

அப்புறம், யாருக்குப் பயிற்சி தருகிறோம் என்பது. டீ-ஷர்ட் கொடுத்து, இளைஞர்களாகப் பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் ஒரு புதன்கிழமை மதியம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பையன்கள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி கம்பெனியிலோ ஷிப்டில் இருப்பார்கள். இருப்பது பெண்களும் தாத்தா பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும். பயிற்சி அவர்களுக்குத்தான் வேண்டும். அதையும் ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிட வேண்டும். பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுக்காமல் முறை வைத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை வைத்திருக்கும் ஏரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஓர் ஊரில் உயிர்காப்புச் சட்டைகளைப் பீரோவில் அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். சாவி, தினமும் வேலைக்கு வெளியூர் போகிறவரிடம் இருந்தது.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தெலுங்கு பேசினால் நம் ஆட்களுக்குப் புரியும். ஆனால் பாட்டிக்கு அந்த எழுத்து ஓடாது. துண்டுச்சீட்டு தமிழிலும் வேண்டும், அதைவிட ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு தரம் சொன்னால் நல்லது. வேறொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் பார்ப்பது சென்னை டிவி. அதில் வருவது தமிழ்நாட்டு ஊர்களின் பெயர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று சொன்னால் அது தடாவுக்கும் சேர்த்துத்தான் என்று பழக்க வேண்டும். 2022இல் இந்தப் பகுதி நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பழைய நம்பரையே சுவரில் வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்தான். ஆனால் எல்லையில் போன் எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பயிற்சி நாளிலேயே ஒருமுறை அடித்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ஊர் எண்ணோடு சேர்ந்த முழு நம்பரும் கையில் இருக்கட்டும்.

முதலுதவியில் பழைய பழக்கங்களை விடவைப்பதுதான் கஷ்டம். தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். மூச்சில்லை என்றால் வாயில் ஊதி, மார்பை அழுத்த வேண்டும். வெள்ளத்துக்குப் பின் பாம்பு வீட்டுக்குள் வரும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதல். கடிபட்டவரை ஆடாமல் அசையாமல் படகேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

ஒத்திகையை வெயிலடிக்கும் காலை 11 மணிக்கு மட்டும் நடத்தினால் பிரயோசனமில்லை. ஒரு தரமாவது கரண்டை நிறுத்திவிட்டு, இருட்டில் செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. புயலின் கண் நேராக மேலே வந்தால், வாடையாக அடித்த காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று நினைத்து ஆட்கள் முதலில் ஓடுவது படகைப் பார்க்க. சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திருப்பி அடிக்கும். ‘வெளியே போகாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், படகு அவர்கள் சோறு. அதனால் படகை எங்கே ஏற்றுவது, இரு பக்கக் காற்றுக்கும் எப்படிக் கட்டுவது, வலையையும் ஆடுகளையும் எந்த மேட்டில் விடுவது என்பதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள்.