சீசன் பாதியில் அடி விழுந்தால்: பனிச்சறுக்கு வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குல்மார்க், ஔலி, லே போன்ற இடங்களில் நடக்கும் பனி விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஜனவரி தொடங்கி மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஆண்டு முழுக்கத் தார்ச்சாலையில் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீ ஓட்டிப் பயிற்சி எடுத்தவருக்கு, கையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு வாரம்தான். நடுவில் முழங்கால் வீங்கினாலோ, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலோ, போட்டி தள்ளிப்போனாலோ பதற்றம் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பதற்றத்தில் அடுத்த இரண்டு வாரம் செய்கிற காரியங்கள்தான் பின்னடைவைவிட அதிகமாகச் சீசனைக் கெடுக்கின்றன.

வீங்கிய முழங்காலை உருவி விடுவது

ஸ்கீ பூட் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் விழும்போது வருகிற முறுக்கு கணுக்காலில் தங்காமல் முழங்காலுக்கு ஏறிவிடும். விழுந்த நொடியில் 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ இருந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூட்டு பந்துபோல வீங்கினால், உள்ளே ஏசிஎல் எனப்படும் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் உடனே நடப்பது என்ன? சூடான எண்ணெய், சுளுக்கு எடுப்பவர், அழுத்தி உருவுதல். மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சூடும் அழுத்தமும் கசிவைக் கூட்டும். சீக்கிரம் வடிய வேண்டிய வீக்கம் கூடுதல் நாள் நிற்கும். வீக்கம் நிற்கும்வரை தொடைத் தசை சரியாக வேலை செய்யாது, அது மெலியத் தொடங்கிவிடும்.

முதல் 48 மணி நேரத்துக்குச் செய்ய வேண்டியது எளிது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை போதும். கிரேப் பேண்டேஜை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கால் விரல் மரத்தால் கட்டு இறுக்கம் என்று பொருள். படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஸ்கேனுக்காகக் கோவைக்கு இறங்குவதாக இருந்தால் முன் சீட்டில் காலை மடக்கி உட்காராதீர்கள். பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, காலை நீட்டி, தலையணை வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டு ஆடாமல் இருக்க இது உதவும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. ஜவ்வு கிழிந்தாலும் மூன்று நான்கு வாரத்தில் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். 'வலிக்கல, மார்ச்சுல ஓட்டிடலாம்' என்று தோன்றும். நேராக நடக்கும்போது தாங்குகிற மூட்டு, திருப்பத்தில் வழுக்கிக்கொடுக்கும். அப்போது உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. ஒன்பது மாதம் கடந்தால் மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை பலமும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜனவரியில் அறுவை சிகிச்சை என்றால் அக்டோபரில் சோதனை, அடுத்த ஜனவரியில் போட்டி. இந்த மார்ச்சுக்கு ஆசைப்பட்டால் அதுவும் போய்விடும்.

கைத்தடியைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரல் அடியில் வலித்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். பிடி நிற்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் அந்த வாரமே போக வேண்டும். முழுதாகக் கிழிந்த ஜவ்வை முதல் மூன்று வாரத்துக்குள் தைத்தால்தான் நன்றாகச் சேரும்.

காய்ச்சலோடு ஓட்டுவது, கேட்காமல் மருந்து வாங்குவது

மூக்கு ஒழுகல், தும்மல் மட்டும் என்றால் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். உடம்பு லேசானால் தொடரலாம், பாரமானால் வீட்டுக்குத் திரும்பலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி இருந்தால் பயிற்சியே கூடாது. காய்ச்சல் மாத்திரை போட்டு வெப்பத்தை இறக்கிவிட்டு ஓடுவது ஆபத்தான வேலை. வைரஸ் காய்ச்சலின்போது கடுமையாக உழைத்தால் இதயத் தசையில் அழற்சி வரலாம். மாத்திரை இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் லேசான நடையே தொடங்க வேண்டும்.

இருமல் மருந்து விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கொடுக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. ஊக்கமருந்து விதிகளில் அது போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் தடை. சளி மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரின், போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மாட்டிவிடும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் போட்டிக் காலத்தில் தடை. அட்டையின் பெயரைப் பார்க்காமல், பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள்களைப் படியுங்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வேறு மருந்தே இல்லை என்றால் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, சிகிச்சைக்காகத் தடைமருந்தைப் பயன்படுத்தத் தரும் டியூஇ அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் பொடியும் சீசனில் வேண்டவே வேண்டாம்.

பந்தயம் முடிந்து ஐந்து பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி, இருமி, மூச்சில் விசில் சத்தம் வந்தால் அதைச் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் உண்டு. வறண்ட குளிர்காற்றை வேகமாக இழுப்பதால் மூச்சுக்குழல் சுருங்குவது, ஸ்கீயில் நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி வீரர்களிடம் சாதாரணம். நுரையீரல் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு. எட்டு மணி நேரத்தில் 600 மைக்ரோகிராம், ஒரு நாளில் 1600 என்பது உச்ச அளவு. முகத்தை மூடும் பஃப் துணியும், பந்தயத்துக்கு முன் 20 நிமிடச் சூடேற்றமும் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக உழைப்பது

நான்கு நாள் விட்டால் எதுவும் போய்விடாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு வாரம் போனால் முதல் மூன்று நாள் மெதுவான ஓட்டம் மட்டும். இரண்டு வாரம் போனால் வழக்கமான நேரத்தில் பாதியில் தொடங்கி, வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். விட்ட பயிற்சிகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தால், அடுத்து வருவது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி.

இந்த அவசரம் ரோலர் ஸ்கீயில் இன்னும் மோசமாகும். பெரும்பாலான ரோலர் ஸ்கீகளில் பிரேக் இல்லை. ஏறும்போது ஓட்டுங்கள், இறங்கும்போது கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் வாருங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலை போன்றவை இதற்கான இடமே அல்ல. அனுமதி வாங்கிய எஸ்டேட் உள்சாலையில் மிதமான ஏற்றம் போதும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலைகளில் நிழல் விழும் வளைவில் சாலை கண்ணாடிபோல இருக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு கிளம்புங்கள். ஹெல்மெட், கையுறை, மின்னும் மேல்சட்டை கட்டாயம். கைத்தடி முனை மழுங்கினால் தாரில் வழுக்கி மணிக்கட்டும் தோளும் அடிபடும்; வைர அரத்தால் அவ்வப்போது கூர் தீட்டுங்கள்.

மலைக்காரன் என்ற தெம்பு

குல்மார்க்கின் உயரம் சுமார் 2650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2637. ஊட்டியில் வாழ்பவருக்கு அங்கே மூச்சு பெரிதாக வாங்காது. ஆனால் லே 3500 மீட்டர். இறங்கிய அன்றே பயிற்சிக்குப் போனால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று நான்கு நாள் வீணாகும். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு எல்லோருக்கும்தான். காயத்துக்காகக் கோவையில் பல வாரம் தங்க நேர்ந்தால் உயரத்தின் பழக்கமும் குறையும். முடிந்தால் அறுவை சிகிச்சையை மட்டும் கீழே வைத்து, பிசியோவை மேலே தொடருங்கள்.

காரணமே தெரியாமல் நேரம் மோசமாகிக்கொண்டே போனால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருப்பது உண்டு, குறிப்பாகப் பெண்களிடமும் சைவம் சாப்பிடுபவர்களிடமும். இங்கே ஒரு உள்ளூர்க் காரணம் இருக்கிறது: சாப்பிட்ட கையோடு டீ. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை டீ உடலில் சேர விடாது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். சோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை போட வேண்டாம்.

போட்டி தள்ளிப்போனால், முடிவு மோசமானால்

2025-இல் குல்மார்க்கில் பிப்ரவரி கடைசியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இப்படி ஆகும்போது, போட்டிக்காகக் குறைத்த பயிற்சியை அப்படியே குறைவாக வைத்துக் காத்திருப்பதுதான் தவறு. இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளினால் முதல் வாரம் பழைய அளவுக்குத் திரும்பி, கடைசி ஒரு வாரம் மட்டும் நேரத்தைக் குறையுங்கள். வேகமான ஓட்டங்களை மட்டும் விடாதீர்கள். டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுப்பது கூடுதல் செலவானாலும் நல்லது.

முடிவை இடத்தை வைத்து மட்டும் அளக்காதீர்கள். முதலில் வந்தவர் 30 நிமிடம், நீங்கள் 36 என்றால் 20 சதவீதம் பின்தங்கல். அடுத்த போட்டியில் அதே தரமான ஆட்களோடு 18 சதவீதம் என்றால், இடம் இறங்கியிருந்தாலும் முன்னேற்றம்தான். ஒரே ஒரு மோசமான ஓட்டத்துக்காக ஸ்கீ, அதன் அடியில் பூசும் வாக்ஸ், உத்தி எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. ஒன்றை மாற்றி மூன்று ஓட்டம் பாருங்கள். தோற்று வந்த அன்று இரவு வீட்டில் யாரும் காரணம் கேட்க வேண்டாம். அலசலை மறுநாள் பயிற்சிக் குறிப்பேட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

சர்வதேசப் புள்ளிகள் உள்ளவர்கள் காயம்பட்டதும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. கிராஸ் கன்ட்ரியில் கடந்த 12 மாதத்தின் சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரிதான் புள்ளி. ஓடாமல் இருந்தால் பழைய முடிவுகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். காயத்துக்காகப் புள்ளியைக் காக்கும் ஏற்பாடு சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் விதிகளில் இருக்கிறது, ஆனால் அது தானாக நடக்காது. ஸ்கேன் அறிக்கையும் மருத்துவச் சான்றும் கையில் கிடைத்த வாரத்திலேயே தேசியக் கூட்டமைப்பு வழியாக விண்ணப்பித்துவிடுங்கள்.